சாட்சியை அணைத்துவிட்ட நீதிமன்றம்

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் சிறந்த அத்தியாயங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ வராமல் போகாது. இரண்டாம் பருவத்தின் ஒன்பதாம் அத்தியாயம், 1989 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ எந்திரமான அதிகாரி டேட்டா, விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் சொத்தா, தன் விருப்பப்படி நடக்க உரிமையுள்ளவரா என்ற வழக்கும், அவர் தரப்பில் கேப்டன் பிக்கார்டின் வாதமும், கடைசியில் நீதிபதி லூவா தரும் தீர்ப்பும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாராட்டில் பெரும்பகுதி நியாயமானது. ஆனால் ஒரு காட்சி மட்டும் என் மனதில் முள்ளாகவே இருக்கிறது. எதிர்த்தரப்பில் வாதாடும் ரைக்கர் டேட்டாவின் பின்னால் போய் நின்று, முதுகில் கைவைத்து, அவரை நிறுத்தும் சுவிட்சை அழுத்துகிறார். டேட்டா அப்படியே முன்னால் சாய்ந்து விழுகிறார். கூடம் உறைந்துபோகிறது. நீதிபதி ஒன்றும் சொல்வதில்லை. பிக்கார்டும் எழுந்து ஆட்சேபிப்பதில்லை.

அந்த இடத்தில் சட்டப்படி என்ன நடந்தது என்று யோசித்தால் வழக்கு முழுவதுமே வேறு மாதிரி தெரியத் தொடங்குகிறது. டேட்டா உரிமையுள்ள ஒருவர் என்றால், சாட்சிக் கூண்டில் உட்கார்ந்திருந்த சாட்சியை அவருடைய சம்மதம் இல்லாமல் எதிர்த்தரப்பு வழக்கறிஞரே நினைவிழக்கச் செய்திருக்கிறார். அது தாக்குதல், எந்த நீதிமன்றத்திலும் அந்த நொடியே விசாரணை நின்றிருக்கும். அது தாக்குதல் இல்லை, வெறும் செயல்விளக்கம்தான் என்றால், டேட்டா பொருள் என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. எதைத் தீர்மானிக்க நீதிமன்றம் கூடியதோ அதைத் தீர்மானித்துவிட்டால்தான் அந்தச் செயல் அனுமதிக்கத் தக்கதாகும். ரைக்கரின் ஆதாரம் தன் முடிவையே முதலாகப் போட்டு நடக்கிறது. அதைக் கவனிக்க வேண்டிய மூன்று பேரும் கவனிக்கவில்லை. எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ் முன்பு வழக்கறிஞராக இருந்தவர் என்பதால் இந்த ஓட்டை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வழக்கு கட்டப்பட்ட விதம்

படிகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். கமாண்டர் ப்ரூஸ் மேடாக்ஸ் டேட்டாவைப் பிரித்து ஆராய்ந்து, அவரைப் போல் பலரைச் செய்ய விரும்புகிறார். இடமாற்ற உத்தரவோடு வருகிறார். இடமாற்றத்தைத் தடுக்க வழி தேடும் பிக்கார்டிடம் லூவா ஒரு வழி சொல்கிறார்: டேட்டா ராஜினாமா செய்யலாம். டேட்டா ராஜினாமா செய்கிறார். உடனே மேடாக்ஸ், அவர் சொத்து, சொத்துக்கு ராஜினாமா செய்ய ஏது உரிமை என்கிறார். லூவா கம்பர்லாந்து சட்டங்கள் என்ற பழைய சட்டத்தொகுப்பைப் புரட்டி, டேட்டா ஸ்டார்ஃப்ளீட்டின் சொத்துதான் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். பிக்கார்ட் எதிர்க்கிறார். அதன்பிறகுதான் விசாரணை.

இங்கே ஏற்கெனவே இரண்டு கோளாறுகள். முதலாவது, விசாரணைக்கு முன்பே நீதிபதி தன் முடிவை அறிவித்துவிட்டார். தான் சொன்ன தீர்ப்பைத் தானே மேல்முறையீட்டில் விசாரிக்கிறார். அதனால் நிரூபிக்கும் பொறுப்பு சத்தமில்லாமல் டேட்டா பக்கம் தள்ளப்பட்டுவிடுகிறது. சொத்து என்பது தொடக்க நிலை, இல்லை என்று காட்டுவது பிக்கார்டின் வேலை என்றாகிறது. ஒருவரைப் பிரித்துப் போட அனுமதி கேட்டு வந்தவர் மேடாக்ஸ். கேட்டு வந்தவர்தான் நிரூபிக்க வேண்டும். அதுவும், தவறினால் மீட்க முடியாத காரியத்தைச் செய்யக் கேட்கும்போது அந்தப் பொறுப்பு இன்னும் கனமாக வேண்டும். மேடாக்ஸின் ஆராய்ச்சியில் அடிப்படை விவரங்களே போதவில்லை என்று டேட்டாவே சுட்டிக்காட்டுகிறார். நரம்பிழைகளில் எலக்ட்ரான் தடைச் சிக்கல் தீரவில்லை என்பது முதல் உரையாடலிலேயே வெளிவந்துவிடுகிறது. சோதனை பாதுகாப்பானதா என்ற கேள்வி அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் எழுவதே இல்லை.

இரண்டாவது கோளாறு எல்லோரும் சொல்வதுதான்: ஆட்கள். புதிதாகத் திறந்த அலுவலகம், பணியாளர்கள் இல்லை என்பதால் பிக்கார்ட் டேட்டா தரப்பு, அடுத்த நிலை அதிகாரி ரைக்கர் எதிர்த்தரப்பு. ரைக்கர் மறுத்தால் விசாரணையே இல்லாமல் டேட்டாவை மேடாக்ஸிடம் ஒப்படைப்பதாக லூவா மிரட்டுகிறார். ரைக்கர் டேட்டாவின் நண்பர், மேலதிகாரி. பிக்கார்டும் அப்படியே. லூவாவோ முன்பு ஸ்டார்கேசர் கப்பல் இழப்பு வழக்கில் பிக்கார்ட் மீது குற்றம்சாட்டி வாதாடியவர், அவரோடு பழைய நெருக்கமும் உள்ளவர். அந்த அறையில் வழக்கோடு சொந்த சம்பந்தம் இல்லாதவர் ஒருவருமில்லை. நாடகத்துக்கு இது தேவை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ரைக்கர் எதிர்த்தரப்பில் நின்றால்தான் இந்த அத்தியாயத்துக்கு உயிர். தொழில்நுட்பக் குறிப்புகளைப் புரட்டும்போது சுவிட்ச் கண்ணில் பட்டு, ஜெயித்துவிட்டோம் என்ற சிரிப்பு எட்டிப்பார்த்து, அடுத்த கணமே அதன் அர்த்தம் புரிந்து முகம் இருண்டுபோகும் அந்தச் சில நொடிகளில் ஜொனாதன் ஃப்ரேக்ஸ் செய்திருப்பதை இந்தத் தொடரின் சிறந்த நடிப்பில் ஒன்றாகவே கருதுகிறேன். நாடகத்துக்காக ஏற்றுக்கொண்ட சமரசத்தின் விலையை யாராவது ஒருவர் வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் குறை. பிக்கார்டின் ஒரே ஒரு ஆட்சேபம் போதுமாயிருந்தது.

ரைக்கர் எதை நிரூபித்தார்?

ரைக்கர் வைக்கும் ஆதாரங்கள் நான்கு. டேட்டாவின் கொள்ளளவும் வேகமும், வளைக்கவே முடியாத உலோகத் தண்டை அவர் வளைப்பது, இடது கையைக் கழற்றிக் காட்டுவது, கடைசியில் சுவிட்ச்.

முதலாவதில் எண்கள் கம்பீரமாக ஒலிக்கின்றன. 800 குவாட்ரில்லியன் பிட் நினைவகம், நொடிக்கு 60 டிரில்லியன் செயல்கள். கணக்குப் போட்டால் நினைவகம் 100 பெட்டாபைட். 1989இல் இது எட்டாத உயரம். 1988இல் வெளிவந்த க்ரே ஒய்-எம்பி மீக்கணினியின் உச்ச வேகம் எட்டுச் செயலிகள் சேர்ந்தும் நொடிக்கு மூன்று பில்லியன் கணக்குகளைத் தொடவில்லை. டேட்டா அதைப்போல் இருபதாயிரம் மடங்குக்கு மேல். இன்றைக்கோ விலையுயர்ந்த விளையாட்டுக் கணினி ஒன்றுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் அட்டையே 60 டிரில்லியனைத் தாண்டிவிடுகிறது. நினைவகத்தை மட்டும் எந்த மேசைக் கணினியும் எட்டவில்லை. எழுத்தாளர்களின் ஊகம் பொய்த்தது என்று சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. எண் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது என்பதற்காகச் சொல்கிறேன். 60 டிரில்லியன் டேட்டாவை மனிதராக்கவும் இல்லை, சொத்தாக்கவும் இல்லை. அந்தத் தகவல் வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று பிக்கார்ட் அங்கேயே தடுத்திருக்கலாம்.

தண்டு வளைக்கும்போது பிக்கார்ட் ஆட்சேபிக்கிறார்: அசாத்திய பலமுள்ள உயிரினங்கள் எத்தனையோ உண்டு, இது எதையும் காட்டாது என்கிறார். சரியான ஆட்சேபம். லூவா அதை நிராகரிக்கிறார். சரியான ஆட்சேபத்தை மீறி ஆதாரம் ஏற்கப்பட்ட இந்தத் தருணத்தைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அங்கிருந்துதான் சரிவு தொடங்குகிறது. தண்டை அனுமதித்ததால் கை. கையை அனுமதித்ததால் சுவிட்ச். ஒவ்வொன்றிலும் டேட்டா சாட்சி என்ற நிலையிலிருந்து சான்றுப்பொருள் என்ற நிலைக்கு ஒரு படி இறக்கப்படுகிறார். சாட்சி பேசுவார், சான்றுப்பொருளை மேசைமேல் வைத்துக் காட்டுவார்கள். சத்தியப் பிரமாணம் எடுக்க வைத்து உட்காரவைத்தவரை, உட்கார்ந்த இடத்திலேயே சான்றுப்பொருளாக மாற்றியதுதான் ரைக்கரின் முழு உத்தி.

சரி, சுவிட்ச் எதைக் காட்டுகிறது? டேட்டாவை நிறுத்த முடியும் என்பதை. மனிதரையும் நிறுத்த முடியும். எடைக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிகிராம் வீதம் புரோப்போஃபால் நரம்பில் செலுத்தினால் ஆரோக்கியமான ஒருவர் ஒரு நிமிடத்துக்குள் நினைவிழந்துவிடுவார். அறுவை அறைகளில் தினமும் நடப்பது. அங்கேயும் ஒரு மனிதர் இன்னொருவரை அணைக்கிறார். வேறுபாடு, கையெழுத்திட்ட சம்மதப் படிவம். டேட்டாவுக்கும் நோயாளிக்கும் உள்ள வித்தியாசம் உடலின் பொறியமைப்பில் இல்லை. சம்மதம் கேட்கப்பட்டதா என்பதில்தான் இருக்கிறது. பிக்கார்ட் இதன் பாதியைப் பிடிக்கிறார்: டேட்டா எந்திரம்தான், நாமும் வேறுவகை எந்திரங்களே, மனிதர் செய்தார் என்பதும் பொருட்டல்ல, பிள்ளைகள் பெற்றோரின் மரபணுவிலிருந்து உருவாகிறார்கள், அவர்கள் சொத்தா என்று கேட்கிறார். அருமையான பதில். ஆனால் அது சுவிட்ச் காட்டிய கருத்துக்கான பதில். சுவிட்சை அழுத்திய செயலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இதை எப்படி எழுதியிருக்கலாம் என்பதற்கான வழி தொடருக்குள்ளேயே இருந்தது. முதல் பருவத்து ‘டேட்டாலோர்’ அத்தியாயத்தில் டேட்டா தன் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று டாக்டர் க்ரஷருக்குக் காட்டி, ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி கேட்கிறார்; உங்களுக்கு இப்படி ஒன்று இருந்தால் நீங்கள் மறைத்து வைக்கமாட்டீர்களா என்கிறார். அந்த இழையை எடுத்திருந்தால், ரைக்கர் தொடவே வேண்டாம். சத்தியப் பிரமாணம் எடுத்த டேட்டாவிடம், உங்களை அணைக்க சுவிட்ச் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று கேட்டால் போதும். டேட்டா உண்மையைச் சொல்லியாக வேண்டும். எதிரியாகக்கூடிய ஒருவர் முன்னால், தன்னை வீழ்த்தும் வழியைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். நண்பன் நண்பனைக் கேள்வியால் வெட்டும் காட்சி, கை வைப்பதைவிடக் கொடூரமாக இருந்திருக்கும், சட்டப்படியும் நின்றிருக்கும். அவர் ஏன் அதை மறைத்து வைத்திருந்தார் என்ற அடுத்த கேள்வியைப் பிக்கார்ட் கேட்டிருந்தால் டேட்டாவின் வழக்கு அங்கேயே பாதி வென்றிருக்கும். தன்னைக் காத்துக்கொள்ள நினைப்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

நீதிமன்றத்துக்கு வராத வாதங்கள்

இந்த அத்தியாயத்தின் மிகச் சிறந்த சட்ட வாதம் விசாரணை தொடங்குவதற்கு முன்பே, பிக்கார்டின் அறையில், டேட்டாவின் வாயால் சொல்லப்பட்டுவிடுகிறது. டேட்டாக்கள் பெருகினால் ஸ்டார்ஃப்ளீட்டுக்கு நன்மை, அதனால் இந்தச் சோதனையை யோசித்துப் பார்க்கலாமே என்று பிக்கார்ட் மெதுவாகப் பேச்செடுக்கிறார். டேட்டா கேட்கிறார்: பார்வையற்ற சக அதிகாரி லா ஃபோர்ஜின் செயற்கைப் பார்வை மனிதக் கண்ணைவிடப் பல மடங்கு மேலானது, அப்படியானால் ஏன் எல்லா அதிகாரிகளும் கண்ணைப் பிடுங்கிச் செயற்கைக் கண் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவில்லை? பிக்கார்ட் பேச்சிழந்து நிற்கிறார். நான் மனிதன் இல்லை என்பதால்தான், புரிகிறது என்று டேட்டா முடித்துக்கொள்கிறார்.

எந்த வழக்கறிஞரும் கையில் கிடைத்ததும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டிய வாதம் இது. இதற்கு ஆன்மா வேண்டாம், உணர்வு வேண்டாம், தத்துவம் வேண்டாம். ஒரே சீருடை, ஒரே உறுதிமொழி. ஒருவரிடம் கேட்கத் துணியாததை இன்னொருவரிடம் ஏன் கேட்கிறீர்கள் என்பது மட்டும்தான். சமத்துவ வாதத்தின் அழகே, விதிவிலக்குக் கேட்பவர் காரணம் சொல்லவேண்டிய நிலைக்கு வந்துவிடுவார் என்பதில் இருக்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு மேடாக்ஸிடம் திரும்பிப் போயிருக்கும். கேட்டு வாயடைத்துப்போன அதே பிக்கார்ட்தான் நீதிமன்றத்தில் வாதாடுகிறார். ஆனாலும் லா ஃபோர்ஜின் பெயர் அங்கே வரவில்லை.

இதேபோல் விடுபட்ட இன்னொன்று அகாதெமி. டேட்டா ஸ்டார்ஃப்ளீட் அகாதெமியில் சேர விண்ணப்பித்தபோது தேர்வுக் குழுவில் மேடாக்ஸ் இருந்தார். டேட்டாவுக்குச் சுயஉணர்வு இல்லை என்று எதிர்த்து வாக்களித்த ஒரே ஆள் அவர்தான். குழு அவரை மீறி டேட்டாவைச் சேர்த்துக்கொண்டது. அதன்பிறகு பட்டம், பதவி, பதக்கங்கள், மனிதர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரம். அதாவது இந்தக் கேள்வியை ஸ்டார்ஃப்ளீட் ஏற்கெனவே ஒருமுறை கேட்டு, மேடாக்ஸ் சொன்னதைக் கேட்டபிறகே மறுத்து, அந்த முடிவின்மேல் டேட்டாவின் வாழ்நாள் உழைப்பைப் பெற்றுக்கொண்டுவிட்டது. ஒன்றை ஒப்புக்கொண்டு, அதை நம்பி மற்றவரை நடக்கவிட்டு, வசதிப்படும்போது அதை மறுக்கக் கூடாது என்பது நம் சாட்சியச் சட்டத்திலும் உள்ள பழைய கோட்பாடு. சொத்துக்கு யாராவது லெப்டினன்ட் கமாண்டர் பதவி கொடுப்பார்களா? சொத்தென்றால் அதன் ராஜினாமாவை ஒரு வழியாக முதலில் யோசனை சொன்னது யார்? நீதிபதியேதான். பிக்கார்ட் டேட்டாவின் பதக்கங்களை மேசையில் வைத்து, இவற்றை ஏன் எடுத்து வைத்தீர்கள் என்று உணர்வு நோக்கிக் கேட்கிறார். இவற்றை யார் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

சீட்டாட்டமும் அப்படித்தான். தொடரின் முதல் போக்கர் ஆட்டம் இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் வருகிறது. டேட்டா கையில் மூன்று ராணிகள்; ரைக்கர் ஒன்றுமில்லாமல் பயமுறுத்தி ஜெயிக்கிறார். போக்கர் பற்றிய நூல்களைப் படித்திருந்தும் ஆட்டத்தில் உட்கார்ந்தபோது அது வேறாக இருந்தது என்று டேட்டா பின்னால் மேடாக்ஸிடம் விளக்குகிறார்; நினைவுகளைக் கணினியில் கொட்டிவைத்தால் தகவல் தங்கும், அந்தத் தருணத்தின் சாரம் போய்விடும் என்பதே அவர் அச்சம். இது பிரிப்புச் சோதனையின் சேதாரத்தைப் பற்றிய திட்டவட்டமான தொழில்நுட்ப வாதம். மேடாக்ஸ் தட்டிக்கழிக்கிறார். விசாரணையில் அவரிடம் இதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

கைனன் திறந்துவிட்ட கதவு

பிக்கார்ட் தோற்கும் நிலையில் இடைவேளை கேட்டு, கப்பலின் மதுக்கூடத்தை நடத்தும் தன் நெடுநாள் தோழி கைனனிடம் போகிறார். பல உலகங்களின் வரலாற்றில் தூக்கியெறியத்தக்க பிறவிகள் என்று சிலர் இருந்திருக்கிறார்கள், மற்றவர் செய்ய விரும்பாத வேலையைச் செய்ய என்று அவர் பேச்சைத் தொடங்குகிறார். ஒரு தலைமுறை முழுக்க டேட்டாக்கள் என்று நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். அடிமைத்தனம் என்ற சொல்லை அவர் சொல்வதில்லை. பிக்கார்டைச் சொல்ல வைக்கிறார். கைனனாக நடிக்கும் ஊப்பி கோல்ட்பர்க் அந்த வரிகளைச் சொல்லும் நிதானத்தில் அமெரிக்காவின் முழு வரலாறும் பின்னால் நிற்கிறது. ஸ்னாட்கிராஸ் மனதில் வைத்திருந்தது 1857இன் ட்ரெட் ஸ்காட் வழக்கு. கறுப்பினத்தவர் குடிமக்கள் அல்லர், ஆகவே நீதிமன்றத்தில் வழக்காடவே தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. உரிமை உண்டா என்று கேட்கவே உரிமை இல்லை என்ற அந்த வளையம்தான் டேட்டாவின் ராஜினாமாவிலும் இருக்கிறது.

அங்கிருந்து திரும்பிய பிக்கார்ட் மேடாக்ஸைக் கூண்டில் ஏற்றிச் செய்யும் குறுக்கு விசாரணை கச்சிதமானது. சுயஉணர்வுள்ள உயிர் என்பதற்கு மேடாக்ஸையே மூன்று அளவுகோல்கள் சொல்ல வைக்கிறார்: அறிவு, தன்னை அறிதல், உணர்வுநிலை. முதலாவதை மேடாக்ஸே ஒப்புக்கொள்கிறார். இரண்டாவதற்கு டேட்டாவிடம், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். தன் உரிமையையும் நிலையையும் தீர்மானிக்கும் விசாரணையில் பங்கேற்கிறேன், தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஒருவேளை உயிருமே பணயம் என்கிறது பதில். மூன்றாவதை பிக்கார்ட் நிரூபிக்கவே முயல்வதில்லை. அதைத் தொங்கலில் விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான டேட்டாக்கள் ஓர் இனம் அல்லவா, அந்த இனத்தை எப்படி நடத்தினோம் என்பதை வைத்தே நம்மை எடைபோடுவார்கள் என்று தாவுகிறார்.

தாவல் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுவே வழக்கின் ஒரே நேர்மையான நகர்வு. மூன்றாவது அளவுகோலை யாருக்கும் நிரூபிக்க முடியாது. பிக்கார்டுக்கும் உணர்வுநிலை இருக்கிறதென்று மேடாக்ஸால் காட்ட முடியாது. நிரூபிக்கவே முடியாத ஒன்றைத் தகுதியாக வைத்தால், நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ அவர் தோற்றார். அதனால்தான் பொறுப்பு யாருடையது என்பது இந்த வழக்கின் உயிர்நாடி என்கிறேன். தவறாக உரிமை கொடுத்துவிட்டால் ஓர் ஆராய்ச்சி தாமதப்படும். தவறாக மறுத்துவிட்டால் ஓர் இனமே அடிமையாகும். இரண்டு தவறுகளின் எடை ஒன்றில்லை. பிக்கார்டின் பேச்சு இதைத்தான் சொல்கிறது. சட்டத்தின் மொழியில் சொல்லாமல் மனசாட்சியின் மொழியில் சொல்கிறது.

ஆன்மா தேவைப்படாத தீர்ப்புகள்

லூவாவின் தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். டேட்டா எந்திரமா, ஆம். சொத்தா, இல்லை. ஆன்மா இருக்கிறதா என்பதே அடிப்படைக் கேள்வி. எனக்கே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதைத் தேடும் சுதந்திரத்தை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். கேட்க நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் ஒருவரை ‘நபர்’ என்று ஏற்க ஆன்மாவைத் தேட வேண்டியதே இல்லை. நிறுவனம் வழக்குப் போடுகிறது, ஆன்மா உண்டா என்று யாரும் கேட்டதில்லை. கடல்சார் சட்டத்தில் கப்பலையே பிரதிவாதியாக்கிக் கைது செய்கிறார்கள். எண்டர்பிரைஸ் கப்பலின் கணினியை மராமத்துக்கு மறுக்க விடுவீர்களா என்று மேடாக்ஸ் கிண்டலாகக் கேட்கும்போது, கப்பலுக்குச் சட்டம் ஏற்கெனவே ஒருவகை ஆளுமை கொடுத்திருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

இந்தியச் சட்டத்தில் இதைவிட நெருங்கிய முன்தீர்ப்பு உண்டு. 1925இல் பிரமதநாத் மல்லிக் எதிர் பிரத்யும்ன குமார் மல்லிக் என்ற வழக்கு கல்கத்தாவிலிருந்து, அன்றைய இந்தியாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. குடும்ப தெய்வத்தின் விக்கிரகத்தைத் தன் பூஜை முறையின்போது தன் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்பது சச்சரவு. அதாவது இடமாற்ற வழக்கு! விக்கிரகம் தூக்கிப்போகும் அசையும் சொத்து அல்ல, சட்டப்படி ஒரு நபர், எங்கே இருப்பது என்பதில் அதன் விருப்பம் மதிக்கப்பட வேண்டும் என்றது பிரிவி கவுன்சில். அந்த விருப்பத்தை எடுத்துச்சொல்ல, வழக்கில் சொந்த நலன் இல்லாத ஒருவரை நீதிமன்றம் நியமித்து வழக்கை மறுபடி விசாரிக்கவும் சொன்னது. இந்த அத்தியாயம் ஒளிபரப்பான ஆண்டுகளிலேயே கடத்தப்பட்டு லண்டன் போன சிலையைத் திரும்பக் கேட்ட பத்தூர் நடராஜர் வழக்கு அங்கே நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டுக் கோயிலே ஒரு சட்ட நபராக வழக்காடலாம் என்று 1991இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்று, நடராஜர் ஊர் திரும்பினார்.

தெய்வத்தையும் ஆண்ட்ராய்டையும் ஒன்றாக்க இதைச் சொல்லவில்லை. பேசாத ஒன்றுக்காகவே சட்டம் இரண்டு காரியங்களைச் செய்யத் தெரிந்து வைத்திருக்கிறது: சொத்து என்ற பெட்டியிலிருந்து வெளியே எடுப்பது, சுயநலமில்லாத ஒருவரைப் பிரதிநிதியாக வைப்பது. டேட்டாவோ தானே பேசுபவர், மறுப்பவர், ராஜினாமாக் கடிதம் எழுதுபவர். அவருடைய வழக்கு இதைவிட எளிது. சொந்த நலனில்லாத பிரதிநிதி என்ற அந்த நிபந்தனையும் முக்கியம். சட்ட ஆளுமை மட்டும் கொடுத்துவிட்டுப் பாதுகாவலராக மேடாக்ஸையே நியமித்தால் எல்லாம் பாழ். பணியாளர் இல்லை என்று லூவா சொன்ன காரணம் எவ்வளவு அபாயகரமானது என்பது இங்கே தெரியும். அடுத்த தளத்திலிருந்து ஒரு வழக்கறிஞர் வரும்வரை விசாரணையை ஒத்திவைத்திருக்கலாம். டேட்டாவைப் பிரிக்க அப்படியென்ன அவசரம்?

தீர்ப்பு எட்டிய தூரம்

லூவா, டேட்டாவுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று மட்டும் சொன்னார். டேட்டா நபர் என்று சொல்லவில்லை. அவரைப் போன்றவர்கள் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குறுகிய தீர்ப்பு நீதிபதிக்குப் பாதுகாப்பு. ஆனால் பிக்கார்ட் ஜெயித்ததே ஆயிரக்கணக்கானவர்களின் பெயரால். தீர்ப்போ ஒருவருக்கு மட்டும். இந்த இடைவெளியைப் பிற்கால எழுத்தாளர்கள் திரும்பத் திரும்பத் தோண்டியிருக்கிறார்கள். வாயேஜர் தொடரின் ‘ஆதர், ஆதர்’ அத்தியாயத்தில், 2001இல், ஹோலோகிராம் மருத்துவர் கலைஞர் என்று ஏற்கப்படுகிறார். நபரா என்பது திறந்தே விடப்படுகிறது. அவருடைய உருவத்தையே கொண்ட மற்ற ஹோலோகிராம்கள் டைலித்தியம் சுரங்கத்தில் உழைக்கும் காட்சியோடு அது முடிகிறது. 2020இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்’ தொடரில் செவ்வாயின் கப்பல் கட்டும் தளத்தில் ஆண்ட்ராய்டுகள் வரிசையாக அலமாரியில் நிறுத்திவைக்கப்பட்டு வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள். கைனன் வர்ணித்தது அப்படியே வந்துவிட்டது. டேட்டாவின் வெற்றி அதைத் தடுக்கவில்லை.

ஆனால் முதல் விரிசலைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டாம். ஓராண்டு கழித்து, 1990 மார்ச்சில் வந்த ‘தி ஆஃப்ஸ்ப்ரிங்’. டேட்டா தனக்கு ஒரு மகளை, லாலை, உருவாக்குகிறார். அட்மிரல் ஹாஃப்டெல் அவளை எடுத்துப்போக வருகிறார். லூவாவின் தீர்ப்பு அகலமாக இருந்திருந்தால் அந்தக் கதைக்கே இடமிருந்திருக்காது. பிக்கார்ட் மறுபடி முதலிலிருந்து போராட வேண்டியிருக்கிறது, இந்த முறை நீதிமன்றமும் இல்லாமல். ஃப்ரேக்ஸ் முதன்முதலாக இயக்கிய அத்தியாயம் அது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்படி பரிந்துரைப்பேன். அதன் தொடக்கத்தில், தன்னிடம் சொல்லாமல் லாலை ஏன் உருவாக்கினீர்கள் என்று பிக்கார்ட் கடிந்துகொள்கிறார். இந்தக் கப்பலில் வேறு யாரும் பிள்ளை பெறுவதற்கு முன் உங்களிடம் ஆலோசனை கேட்டு நான் பார்த்ததில்லையே, கேப்டன் என்கிறார் டேட்டா. லா ஃபோர்ஜின் கண்ணைப் பற்றிக் கேட்ட அதே கேள்வி. பிக்கார்டிடம் இந்த முறையும் பதில் இல்லை. அந்த வாதத்தை ஒரு நீதிபதி முன்னால் எடுத்துவைக்கும் அத்தியாயம் இந்தத் தொடரின் ஏழு பருவங்களிலும் வரவில்லை.